சாட்சி சொல்லப் போகுமுன்

ஜூன் 4

என் செல்லத் தங்கைக்கு,

அக்கா எழுதுகிறேன். நலமா என்று கேட்கவே வாய் கூசுகிறது. உன் வீட்டுக்காரருக்கு இனிப் பார்வை வராது என்று டாக்டர் சொன்னதை உன் அத்தான் வந்து சொன்னார். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

நீ கோயிலுக்குப் போவதை நிறுத்திவிட்டாயாமே. வேண்டாம் கண்ணே. பாய்லர் வெடித்தது விதி. முதலாளியைச் சபித்து என்ன ஆகப்போகிறது? போய் உட்கார்ந்து பாடு, மனசு லேசாகும்.

உன் அக்கா

ஜூன் 11

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை இவருக்குப் படித்துக் காட்டினேன். "விதியா? அதுக்கு சலவைக்கூடத்துல எப்ப வேலை குடுத்தாங்க?" என்றார். சிரித்தால் கன்னத்துப் புதுத்தோல் வெடிக்கிறது. ஆனாலும் சிரிக்கிறார்.

நான் இஸ்திரி மேசையில்தான் நின்றிருந்தேன். வால்வு ஆவி கக்குகிறது, பாய்லரை நிறுத்துகிறேன் என்று இவர் சொன்னார். "ஆஸ்பத்திரித் துணி சாயங்காலம் போயாகணும். கம்பியப் போட்டுக் கட்டு" என்றார் முதலாளி. இவர் மாட்டேன் என்றுவிட்டு, பாய்லருக்கு வரும் எண்ணெயை அடைக்கப் பின்பக்கம் போனார். அதற்குள் யாரோ ஆவி வெளியேறாதபடி வால்வைக் கம்பியால் கட்டிவிட்டார்கள். இவர் வந்து குனிந்தார். வெடித்தது. இப்போது, வேலை நேரத்தில் இவர் தூங்கிவிட்டார் என்று அறிக்கை கொடுத்திருக்கிறார்கள்.

கோயிலில் முதலாளி முதல் வரிசையில் நிற்கிறார். பேரன் பிறந்ததற்கு எல்லோருக்கும் இனிப்பு கொடுத்தார். எனக்கும் நீட்டினார். வெந்த முகத்தை இவரால் கண்ணாடியில் பார்க்க முடியாது என்பது ஒன்றுதான் எனக்கு ஆறுதல். எந்த வாயால் பாடட்டும்?

தங்கை

ஜூன் 19

தங்கைக்கு,

உன் ஆத்திரம் புரிகிறது. ஆனால் அடுத்த வாரம் விசாரணை. நீ வாயைத் திறந்தால் என் குடும்பத்தின் வாயில் மண் விழும். அறிக்கையில் கையெழுத்துப் போட்டது அத்தான்தான். அவரை இப்போது சலவைக்கூடத்துக்கே மேலாளர் ஆக்கியிருக்கிறார்கள். நீ சாட்சி சொன்னால் போன கண் திரும்பி வருமா? "நான் கவனிக்கலை" என்று ஒரு வார்த்தை சொல், போதும். மற்றதைக் கடவுள் பார்த்துக்கொள்வார். கோயிலுக்குப் போய் அவர் காலடியில் விட்டுவிடு. அம்மா இல்லாத உன்னைத் தூக்கி வளர்த்தவள் கேட்கிறேன்.

அக்கா

ஜூன் 27

அக்காவுக்கு,

நீ சொன்னபடி கோயிலுக்குப் போனேன். இவரையும் கைபிடித்து அழைத்துப் போனேன். வாசலில் ஒரு குழந்தை இவர் முகத்தைப் பார்த்து வீரிட்டது. திரும்பிவிடலாம் என்றேன். "பாட்டு கேக்குது, உள்ள கூட்டிட்டுப் போ" என்றார்.

முதலாளி முன்னால் நின்று பாடிக்கொண்டிருந்தார். இந்த ஆள் நாசமாகட்டும் என்றுதான் கும்பிட்டேன். பக்கத்தில் இவர் பாட ஆரம்பித்தார். வெந்த உதட்டில் பாதிச் சொல் வரவில்லை. ஆனாலும் விடாமல் பாடினார். நானும் வாயைத் திறந்தேன். பாட்டு முடிவதற்குள், என் கண்ணில் முதலாளி சிறுத்துப்போனார். பின்கழுத்து வியர்த்த, பயந்த ஒரு கிழவர். அவர் வீடும் பேரனும் என்னை உறுத்தவில்லை. எங்களுக்கு நடந்தது நியாயம் என்று இன்றும் தோன்றவில்லை. ஆனால் அதைக் கேட்க மேலே ஒருவர் இருக்கிறார், இவரை வைத்துக்கொண்டு நான் வாழ்ந்துவிடுவேன் என்று தெரிந்தது.

கடவுள் பார்த்துக்கொள்வார் என்று எழுதியிருந்தாய். பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார், அக்கா. அதனால்தான் பொய் சொல்ல முடியவில்லை.

நேற்று விசாரணையில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கம்பியைக் கட்டியது யார் என்று கேட்டார்கள். அத்தான் என்றேன். இத்தனை நாள் அதை இவரிடம்கூடச் சொல்லாமல் வைத்திருந்தேன், உனக்காக.

நீ இனி எழுத மாட்டாய் என்று தெரியும். உடம்பைப் பார்த்துக்கொள்.

நீ வளர்த்தவள்