சிவப்பு ஒட்டுப் போட்ட பாய்

அக்கா,

இன்று காலை உங்கள் தையல் மெசினின் மேல் கிடந்த மூடுதுணியை எடுத்தேன். கடல் மணத்தது. எத்தனை தரம் தோய்த்தாலும் அதிலிருந்து உப்பும் மெசின் எண்ணெயும் போவதில்லை. அந்தப் படகுப் பாயிலிருந்து நீங்கள் வெட்டியெடுத்த கிழிந்த துண்டல்லவா அது.

பெரியம்மா வந்திருந்தார். கூடவே அவர் மகள் வதனியக்காவும். வதனியக்காவின் கலியாணக் கூறைச் சேலைக்குச் சட்டை தைக்க வேண்டுமாம். நான் அளவு நாடாவை எடுத்ததும் பெரியம்மா குரலைத் தாழ்த்தினார்.

"பிள்ளை, உன்ரை அக்காவின்ரை மெசினிலை மட்டும் தைக்காதை. நல்ல காரியம். ஆரிட்டையும் இரவல் மெசின் வாங்கித் தை."

அன்றைக்கும் இதே குரல்தான்.

அத்தான் கடலுக்குப் போய்த் திரும்பாமல் ஒரு வருடம் கழிந்திருந்தது. காற்றில் பாய் கிழிந்த ஒரு படகு நம் நெடுந்தீவுக்கு வந்து நங்கூரம் போட்டது. ஊர் அதைப் பாய்க்கப்பல் என்றது. பார்த்தால், ஒரு தாயும் தகப்பனும் இரண்டு பிள்ளைகளும் குடியிருக்கிற வீடு. அந்த வீட்டோடு சமுத்திரம் சமுத்திரமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். பாய் தைத்து முடியும்வரை நிற்க நேவி விட்டது. அந்த வெள்ளைக்காரத் தாய் கடைக்காரரிடம் கையால் தையல் காட்டிக் கேட்டிருக்கிறார். அவர் நம் வீட்டுப் படலையைக் காட்டிவிட்டார்.

பாய் வந்து இறங்குமுன் பெரியம்மா வந்துவிட்டார். "புருசனைக் கடலுக்குக் குடுத்தவளின்ரை கை பாயிலை படலாமோ? அந்தச் சனத்துக்கு ஒண்டு நடந்தால் ஆர் பதில் சொல்லுறது?" அம்மா உங்கள் முகத்தைப் பார்த்தார். நீங்கள் முற்றத்தைக் கூட்டி வைக்கும்படி என்னிடம் சொன்னீர்கள்.

பாய் முற்றத்துக்குள் அடங்காமல் வேலியோரம் வரை கிடந்தது. நம் ஆடு அதில் ஏறிப் படுத்தது. மெசினை வெளியே தூக்கி வைத்து, சில்லைக் கையால் உருட்டி, ஒவ்வொரு தையலாக விட்டீர்கள். பாயின் பாரத்தை நானும் அந்தப் பிள்ளைகளும் தூக்கிப் பிடித்திருந்தோம். மெசின் ஊசி இறங்காத தடித்த மடிப்புகளைச் சாக்கூசியால் குத்தினீர்கள். விரல் கிழிந்தது. சீலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு தொடர்ந்தீர்கள்.

ஒட்டுப் போட அந்தத் தாய் இரண்டு துணி தந்தார். ஒன்று வெள்ளை, ஒன்று நல்ல சிவப்பு. நீங்கள் சிவப்பை எடுத்தீர்கள். வேலிக்கு அப்பால் நின்ற பெரியம்மா, சிவப்போ என்று கேட்டார். அப்போதுதான் அவருக்குப் பதில் சொன்னீர்கள்.

"சிவப்பு உடுக்க வேண்டாமெண்டு எனக்குத்தானே சொன்னனியள், பெரியம்மா. பாய்க்குச் சொல்லேல்லையே."

நான் சிரித்துவிட்டேன். வாய்செத்த பிள்ளை என்று எல்லாரும் சொல்லும் நான், அத்தனை பேர் முன்னால்.

பாய் ஏற்றும்போது உங்களையும் படகுக்குக் கூப்பிட்டார்கள். அத்தான் போனபிறகு நீங்கள் கடற்கரைப் பக்கமே போனதில்லை. சீலையை இழுத்துச் செருகிக்கொண்டு அவர்களுடைய சின்ன வள்ளத்தில் ஏறினீர்கள். அந்தப் பிள்ளைகளோடு சேர்ந்து நீங்களும் கயிறு இழுத்ததைக் கரையில் நின்று பார்த்தேன். பாய் எழும்பிக் காற்றைப் பிடித்தது. பக்கத்தில் நின்ற ஒருவர் தலைத் துவாயை அவிழ்த்துக் கையில் எடுத்தார். எதற்கென்று அவருக்கே தெரிந்திராது. மறுநாள் அவர்கள் புறப்பட்டபோது, படகு மறைந்தபிறகும் அந்தச் சிவப்புத்தான் கொஞ்ச நேரம் தெரிந்தது.

போய்ச் சேர்ந்ததும் படம் அனுப்புவதாகச் சொன்னவர்கள் அனுப்பவில்லை. படகு மூழ்கியிருக்கும் என்று ஊர் முடிவுகட்டியது. குறிகாட்டுவான் துறைக்குப் போகும் படகில்கூட உங்கள் காதுபடப் பேசினார்கள். "படம் அனுப்பாட்டில் செத்துப் போச்சினம் எண்டோ அர்த்தம்?" என்று என்னிடம் கேட்டீர்கள். "சிங்கப்பூர் மாமா எத்தினை வருசமாய்ப் படம் அனுப்பேல்லை. நல்லாய்த் திண்டு கொழுத்துப்போய்த்தானே இருக்கிறார்."

பிறகு உங்களுக்குக் காய்ச்சல் வந்தது. பாதியில் கிடந்த தையல்களை முடிக்கப் பள்ளிக்கூடத்தை விட்டேன். காய்ச்சல் உங்களைக் கொண்டுபோனது. செத்தவீட்டிலும் யாரோ அந்தப் படகுக் கதையை எடுத்தார்கள். நான் அப்போது பேசாமல் இருந்தேன்.

இன்று பேசினேன், அக்கா.

"இந்த மெசினிலைதான் தைப்பன், பெரியம்மா. வேண்டாமெண்டால் துணியைக் கொண்டு போங்கோ."

பெரியம்மா என்னைப் பார்த்தார். அவர் உட்கார்ந்திருந்த கதிரை பேசியிருந்தால்கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டார். பிறகு துணிப் பையை எடுத்துக்கொண்டு படலை வரை போனார். நானும் தடுக்கவில்லை. வதனியக்கா பின்னால் போய், தாயின் கையிலிருந்த பையை வாங்கினார்.

"அக்கா தைச்ச பாய் போனதை நானும் கரையிலை நிண்டு பாத்தனான், அம்மா. நேராய்த்தான் போனது."

திரும்பி வந்து பையை மெசின் பலகையில் வைத்துவிட்டு, அளவெடுக்கக் கையை விரித்து நின்றார். பெரியம்மா படலையடியிலேயே நின்றார். உள்ளே வரவில்லை. போகவுமில்லை.

அந்தப் படகு எங்கே போய்ச் சேர்ந்ததென்று எனக்குத் தெரியாது. இனித் தெரியவும் வேண்டாம். கடலில் யாருக்கு என்ன நடந்தாலும் அது உங்கள் கையால் நடந்ததல்ல. அத்தானுக்கு நடந்ததும் அப்படித்தான். அதை இனி யார் மாற்றிச் சொன்னாலும் இந்த வாசலில் வைத்தே பதில் சொல்வேன்.

பின்னேரம் மூடுதுணியை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, கூறைச் சிவப்புக்கு நூல் கோத்துச் சில்லை உருட்டினேன்.

தையல் நேராகத்தான் வந்தது.