மருந்து சுட்ட கழுத்து

ஜூன் 3, 1974. திங்கள்.
சாரல். காற்று திராட்சைப் பந்தலைப் பிய்க்கிறது. தேனியில் வாங்க வேண்டியது: கொடிக்கு மருந்தடிக்க மயில்துத்தம், சணல் கயிறு, ஸ்பிரேயருக்கு வாஷர், பெண்டாட்டி ஆரோக்கியத்துக்கு ரொட்டி.

அவளுக்கு ஊசி தொடங்கி இரண்டு மாதம். டி.பி. கழுத்திலும் வரும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். தினமும் விடிந்ததும் அவளைச் சைக்கிளில் வைத்து மிதித்து உத்தமபாளையம், கம்பவுண்டரிடம் ஊசி, வீட்டுக்கு வந்து மாத்திரை. கட்டி சுண்டைக்காய் அளவுக்கு வற்றியிருந்தது. இன்று பார்த்தால் எலுமிச்சை! பக்கத்தில் புதிதாக இன்னொன்று. தொட்டால் கொதிக்கிறது.

"விண்ணு விண்ணுனு தெறிக்குதுங்க. இம்புட்டு ஊசி போட்டும் ஏன் இப்படி?" என்கிறாள். என்னைக் கேட்டால்?

ஜூன் 5, புதன்.
வெயில். வேலையாள் சூசை மருந்தடித்த வரிசையில் இலை ஓரமெல்லாம் கருகல். மயில்துத்தத்தில் சுண்ணாம்பைக் குறைத்துக் கலக்கியிருக்கிறான், மடையன். கத்தினேன். அவன் அசரவே இல்லை.

"மருந்து சுட்டுருச்சு மொதலாளி. நிப்பாட்டிட்டு வெறுந்தண்ணி அடிச்சா தளுத்துக்கிரும்."

சாப்பிடும்போதும் அதே நினைப்பு. கழுத்திலும் மருந்துதான் சுட்டிருக்கிறது. வேறென்ன? இரண்டு மாதம் ஒருநாள் விடாமல் அடித்தால் எந்த இலை தாங்கும்?

ஜூன் 7, வெள்ளி.
தேனி. ஊசி எழுதிக்கொடுத்த டாக்டரம்மாவைக் கேட்டுவிடலாம் என்றுதான் போனேன். கூட்டம் தெருவரை. முன்னால் நின்றவர் பின்னால் நின்றவரிடம், "அண்ணே, நீங்க நேத்தா வந்தீக, இன்னைக்கா?" கால் மணி நேரம் நின்றேன். மயில்துத்தம் வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.
"டாக்டரம்மா என்ன சொன்னாக?"
"ஊசியும் மாத்திரையும் போதும்னாக. நிப்பாட்டிரலாமாம்."

தானாக வாயில் வந்தது. இவ்வளவு சுலபமாகப் பொய் சொல்வேன் என்று எனக்கே தெரியாது. "மெய்யாவா? மாதாவே!" என்று அழுதுவிட்டாள். மெழுகுவத்தி வாங்கிக்கொண்டு கோயிலுக்கு ஓட்டம்.

மாத்திரை டப்பா என் பெட்டியில், வேட்டிக்கு அடியில். இனிமேல் தேனியிலேயே ஊசி என்று கம்பவுண்டரிடம் சொல்லியாயிற்று.

ஜூன் 16, ஞாயிறு.
கட்டி வற்றுகிறது! நான் நினைத்தது சரிதான். ஊசி போட்ட நாளெல்லாம் இருந்த தலைசுற்றலும் இல்லையாம். பூசைக்கு முந்தானையால் கழுத்தை மூடாமல் வந்தாள். மத்தியானம் கறி. விடியற்காலை சைக்கிள் மிதி மிச்சம், தூக்கம் மிச்சம். படித்தவர்களை நம்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும்!

சூசையிடம் மட்டும் சொன்னேன். "ஆத்தாடி, மனுச உடம்புக்கும் அதே கணக்கா?" என்றான். சிரித்தோம்.

ஜூலை 2, செவ்வாய்.
நான்கு நாளாகச் சாயங்காலக் காய்ச்சல். கட்டி உடைந்து சீழ். இருமல். காற்று மாறியதால் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இன்று வாசல் கூட்டிக்கொண்டிருந்தவள் இருமிவிட்டு முந்தானையை விரித்துக் காட்டினாள். ரத்தம்.

ஜூலை 3, புதன்.
நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும்.

தேனிக்குக் கூட்டிப்போனேன். டாக்டரம்மா கழுத்தைப் பார்த்தார். நெஞ்சில் குழல் வைத்தார். கடைசியாக மாத்திரை எப்போது என்றார். ஆரோக்கியம் வெள்ளந்தியாக, "கட்டி வீங்குச்சுன்னு நீங்க நிறுத்தச் சொன்னீகள்ல, அன்னையோட சரி" என்றாள்.

"நானா? நான் சொன்னேனா?"

பிறகு அவர் சொன்னதில் பாதிதான் மண்டையில் ஏறியது. வீக்கம் மருந்து சுட்டதில்லையாம். நோய் முற்றியதும் இல்லையாம். "கிருமியை அடையாளம் தெரியாம இந்த உடம்பு அசந்து கிடந்துச்சு. மருந்து கிருமியைக் கொல்லக் கொல்ல உடம்பு முழிச்சுக்கிட்டு, செத்த கிருமி மேலயும் பாயுது. அந்தச் சண்டையிலதான் வீங்கும். சில பேருக்கு அப்படித்தான். வலிக்கு மருந்து தந்திருப்பேனே! சண்டை நடக்கும்போது மருந்தை நிறுத்தினா மிச்சக் கிருமிக்குத்தானே கொண்டாட்டம்?"

வற்றியதென்று நான் கறி வாங்கி வந்த நாளில் அவள் உடம்பு சண்டையை விட்டிருக்கிறது.

"யாரு நிறுத்தச் சொன்னது?" என்றார் டாக்டரம்மா.

ஆரோக்கியம் என்னைப் பார்த்தாள். அந்த ஒரு பார்வையில் அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. திரும்பி, "நாந்தான் டாக்டரம்மா. வீங்கவும் பயந்துட்டேன். பொய் சொல்லிட்டேன்" என்றாள்.

திட்டு என்றால் திட்டு. அறிவிருக்கா, எழுதப் படிக்கத் தெரிஞ்சவதானே, உன் உயிர் உனக்கு வெல்லமில்லையா. அத்தனையும் அவளுக்கு. நான் பக்கத்து ஸ்டூலில் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை. திறக்கவே இல்லை. சீ!

ஊசி முதலிலிருந்து. சளி சோதனைக்காக மதுரைக்குப் போகிறது. கிருமி மருந்துக்குப் பழகியிருந்தால் இந்த ஊசி கேட்காது, முடிவு வர நாளாகும், அதுவரை ஒன்றும் சொல்வதற்கில்லை என்றார்.

ஜூலை 4, வியாழன்.
தூறல். விடிந்ததும் சைக்கிளைத் துடைத்து வெளியே நிறுத்தினேன். மாத்திரை டப்பாவை என் பெட்டியிலிருந்து அவளே எடுத்திருக்கிறாள்.

"வேணாம். பஸ்ஸுல போய்க்கிறேன்."

பின்னாலேயே போனேன். பஸ் நிற்கும் இடத்தில் யாரும் இல்லை. முந்தானையால் வாயைப் பொத்தி இருமினாள். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"எனக்கு நல்லதுன்னு நிப்பாட்டினீகளா? இல்ல, தெனமும் மிதிச்சு அலுத்துப்போச்சா?"

நல்லதுக்குத்தான் என்று சட்டென்று சொல்லியிருக்க வேண்டும். யோசித்தேன். அவள் திரும்பி, நான் யோசிப்பதைப் பார்த்துவிட்டாள்.