உப்பு ஜாடி கல்பனா வீட்டில்

அன்பு மகள் ஜெபாவுக்கு நைனா எழுதிக்கொள்வது. கர்த்தர் கிருபையால் உடம்புக்கு ஒன்றுமில்லை, நடுக்கடலில் நீயும் அப்படியே இருக்க இரண்டு வேளையும் ஜெபிக்கிறேன். கப்பலில் டவர் கிடைக்காது என்றாயே, அதனால்தான் கொச்சி ஆபீஸ் விலாசத்துக்கு எழுதுகிறேன், கரைக்கு வந்ததும் கொடுப்பார்கள்.

எனக்கு இப்போது பகல் ஷிப்ட், எளாவூரில் ரயிலேறி கும்மிடிப்பூண்டி கம்பெனிக்குப் போய் வருகிறேன். சாயங்காலம் கதவைத் திறந்தால் காலையில் குடித்த டம்ளர் வைத்த இடத்திலேயே இருக்கிறது. அம்மா போன பிறகு அதை எடுத்து வைக்க ஆளில்லை. உன்னிடம் ஒன்றை மறைத்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. கொஞ்ச நாளாக நான் வடிக்கிற சோறும் குழம்பும் கரித்தன. பக்கத்து வீட்டு கல்பனா ருசி பார்த்துவிட்டு, இன்னாண்ணா உப்ப ரெண்டு வாட்டி போட்டுகினு கீறியா என்று கேட்டாள். உன் பெரியப்பாவுக்கும் மறதி இப்படித்தான் ஆரம்பித்தது, கடைசியில் பெற்ற பிள்ளையின் பெயரே தெரியாமல் போய்விட்டது. நானும் உன் பெயரைத் தொலைத்துவிடுவேனோ என்று பயந்தேன். படுக்கும்போது ஜெபா ஜெபா என்று சொல்லிப் பார்த்துக்கொண்டேன். உனக்குத் தெரிந்தால் வேலையை விட்டு ஓடி வருவாய் என்றுதான் வாயைத் திறக்கவில்லை.

கடைசியில் உப்பு ஜாடியையே தூக்கி கல்பனா கையில் கொடுத்துவிட்டேன். வீட்டில் ஒரு கல் உப்பு கிடையாது. அன்றைக்கும் சோறு கரித்தது. அப்புறம்தான் போர் கிணற்றுத் தண்ணீரை வாயில் ஊற்றிப் பார்த்தேன், உப்புக் கரித்தது. குடிக்கக் கேன் தண்ணீர், சமையலுக்கு மட்டும் போர் என்று இருந்ததில் தெரியாமலே போயிருக்கிறது.

காலேஜ் லீவில் ஒருமுறை நீ பீட்ரூட் சாறும் உப்பும் கலந்த தண்ணீரை நல்ல தண்ணீர் டம்ளருக்குள் மெல்ல இறக்கிக் காட்டினாயே, அது அப்படியே அடியில் போய்ச் சிவப்பாகப் படுத்துக்கொண்டது. கடல் தண்ணீர் கனம், நம் கடலோர மண்ணுக்குள்ளும் இப்படித்தான் நல்ல தண்ணீருக்குக் கீழே நுழையும், மேலே இருப்பதை இழுக்க இழுக்க அது ஏறி வரும் என்றாய். டம்ளர் கறையாகிவிட்டது என்று அம்மா உன்னைத் திட்டினாள். மோட்டார் பக்கத்தில் நின்றுகொண்டு இதெல்லாம் ஒன்று விடாமல் ஞாபகம் வந்தபோதுதான் என் புத்திக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்தது. கிணறு கெட்டதற்குச் சந்தோஷப்பட்ட ஆள் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அந்தச் சந்தோஷத்தைச் சொல்லவும் வீட்டில் யாருமில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

நேரத்துக்குச் சாப்பிடு, கப்பல் மேல்தட்டில் வெறும் தலையோடு நிற்காதே. கர்த்தர் உன்னைத் தம் கைக்குள் வைத்துக் காப்பாராக. முக்கியமாக ஒன்று. நீ கப்பலில் சோதனைக்குக் கடல் தண்ணீர் எடுக்கிறபடியே பாட்டில் விளிம்பு வரை போர் தண்ணீர் பிடித்து, ஆவியாகாமல் மூடியை இறுக்கி அம்மா படத்துக்குக் கீழே வைத்திருக்கிறேன். கம்பெனியில் தண்ணீர் சோதிக்கிற சாலமோன் ஒரு நிமிஷ வேலைதான் கொடுங்கள் என்றான், கொடுக்கவில்லை. பார்சலில் அனுப்பு என்று நீயும் சொல்லாதே, அனுப்ப மாட்டேன். நீ வந்து அளந்து சொல்.

உன் நைனா,
ஸ்டீபன்