முயலுக்கு எந்த முகம்?

சிட்டுவின் அப்பாவுக்கு,

அன்புடன் எழுதுவது. சிட்டு இன்று காலை ஒரு டம்ளர் பாலை முழுசாகக் குடித்தாள். இதை முதலில் சொல்லிவிட்டால்தான் மீதியை நீங்கள் பதறாமல் படிப்பீர்கள். டான்சில் எடுத்து ஆறு நாள் ஆகிறது. உடனே எழுதியிருக்க வேண்டும். தள்ளிப்போட்டுவிட்டேன். கப்பலில் மெயில் எப்போது வந்து சேருமோ, போனில் சொல்ல வராததை இதில் எழுதிவிடுகிறேன்.

ஆபரேஷனுக்கு ஒரு வாரம் முன்பே ஆஸ்பத்திரியிலிருந்து என் போனுக்கு வீடியோக்கள் அனுப்பினார்கள் என்று சொன்னேன் அல்லவா? மொத்தம் ஆறு. தொண்டை வலியோடு ஆஸ்பத்திரிக்குப் போகும் கரடிக்குட்டியின் கதை. காலையில் போய்ச் சாயங்காலமே வீட்டுக்கு வந்துவிடும். என்னைப் பற்றித்தான் உங்களுக்குத் தெரியுமே. செமஸ்டர் பரீட்சைக்குக்கூட அப்படிப் படித்ததில்லை. சிட்டுவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்து, தனி நோட்டுப் போட்டு, இரண்டு கலர் பேனாவில் குறிப்பெடுத்தேன்.

பலன் இல்லாமல் போகவில்லை. மயக்க மருந்து டாக்டர் மாஸ்க்கைக் கையில் எடுத்ததும் இவளே முகத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தாளாம். இதற்கு முன்னால் ஆபரேஷன் செய்திருக்கிறாயா என்று அவர் விளையாட்டாகக் கேட்க, ஏழு தடவை பார்த்தாச்சு என்றாளாம். கதவுக்கு வெளியே நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றது நான்தான்.

கோளாறெல்லாம் வீட்டுக்கு வந்த பிறகுதான். ஐந்தாவது வீடியோவில் ஆறு முகங்கள் வரும். சிரிப்பில் தொடங்கி அழுகையில் முடியும். தொண்டைப் புண்ணோடு பேச முடியாத குழந்தை, வலி எவ்வளவு என்பதை ஒரு முகத்தைத் தொட்டுக் காட்டினால் போதும். அந்த முகங்களை அட்டையில் வரைந்து நான் முன்கூட்டியே பழக்கினேன். முதல் தடவை அவள் அழுகிற முகத்தைத் தொட்டாள். சும்மா விளையாட்டுக்குத்தான். ஆனாலும் எனக்கு என்னவோ போலாகி, அது வேண்டாம்டா கண்ணு என்றேன். அடுத்த தடவை சிரிக்கிற முகத்தைத் தொட்டாள். கை தட்டினேன்.

ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள், தண்ணீரைக் கண்டாலே வாயை இறுக்கிக்கொண்டாள். எச்சிலைக்கூட விழுங்காமல் துண்டில் துப்பினாள். கேட்டால் சிரிக்கிற முகம். வலிதான் இல்லையே, எதற்கு வீணாக மருந்து என்று இரண்டு வேளை வலி மருந்தை நானே நிறுத்திவிட்டேன். வலி இல்லாவிட்டாலும் நேரம் தவறாமல் கொடுக்க வேண்டும் என்று என் நோட்டில் சிவப்பு மையில் இருக்கிறது. என் கையெழுத்துதான்.

தினமும் ஆஸ்பத்திரிக்குப் போனிலேயே நிலவரம் அனுப்ப வேண்டும். வலி இல்லை, குடித்தது கால் டம்ளர் என்று அனுப்பினேன். பத்து நிமிடத்தில் நர்ஸம்மா வீடியோ காலில் வந்துவிட்டார். மூன்றாம் நாள் வலியே இல்லை என்று யாராவது சொன்னால்தான் தனக்குப் பயம் வரும் என்றார். சாயங்காலத்துக்குள் குடிக்காவிட்டால் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள், டிரிப்ஸ் ஏற்ற வேண்டியிருக்கும் என்றார்.

பிறகு அவர் சிட்டுவிடம் எதுவுமே கேட்கவில்லை. அவள் மடியில் கிடந்த ஒற்றைக் காது முயல் பொம்மையைப் பார்த்துக் கேட்டார்.

"முயலுக்குத் தொண்டை எப்படி இருக்காம்?"

சிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். அப்புறம் முயலின் கையைப் பிடித்து, அட்டையில் கடைசி முகத்தின்மேல் வைத்தாள். அப்படியென்றால் நீ ஏன் சிரிக்கிற முகத்தையே தொடுகிறாய் என்று அவர் கேட்டார். கரகரத்த குரலில் சொன்னாள்.

"அதைத் தொட்டாத்தான் அம்மா கை தட்டுவாங்க."

நர்ஸம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. மருந்தின் அளவைச் சொல்லிவிட்டு, மறுபடி கூப்பிடுகிறேன் என்றார். மருந்து கொடுத்த அரை மணி நேரத்தில் ஐஸ் துண்டைச் சப்பினாள். பிறகு ஸ்பூன் ஸ்பூனாகத் தண்ணீர், முயலுக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று. முயல் தொப்பலாக நனைந்துவிட்டது. சாயங்காலத்துக்குள் மூன்று டம்ளர் இறங்கியது. வர வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து அலாரம் வைத்து மருந்து கொடுக்கிறேன். எந்த முகத்தைத் தொட்டாலும் அம்மாவுக்குக் கோபம் வராது என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். நம்பினாளா தெரியவில்லை.

அந்த மூன்றாம் நாள் மதியம்தான் நீங்களும் கூப்பிட்டீர்கள். எல்லாம் நல்லாத்தானே இருக்கு என்று கேட்டீர்கள். பின்னால் இஞ்சின் சத்தம். அவள் துப்பிய துண்டு என் கையில் இருந்தது. ஆமாம் என்றேன்.

உங்கள்மேல் குறை இல்லை. அங்கே உங்களுக்குத் தூக்கம்கூட நேரத்துக்குக் கிடைப்பதில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது மட்டும் அப்படிக் கேட்க வேண்டாம். அப்படிக் கேட்டால் இந்த வீட்டில் ஆமாம் என்றுதான் பதில் வரும். சாப்பிட்டாயா, தூங்கினாயா, எங்கே வலிக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். முதலில் அவளிடம். பதில் வரக் கொஞ்சம் நேரமாகும். அதுவரை போனை வைத்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி