உப்புப் பார்த்துச் சொல்

அன்புள்ள மாடி அக்காவுக்கு,

கீழ்வீட்டுத் தங்கை வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நாங்கள் நால்வரும் நலம். நீங்களும் மாமாவும் பிள்ளைகளும் எப்படி இருக்கிறீர்கள்? போனில் கேட்டால் "சாப்பிட்டாச்சு, நல்லா இருக்கோம்" என்று என் வாயை அடைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் கடிதம்.

நீங்கள் காலி செய்த வீட்டுக்கு இன்னும் யாரும் வரவில்லை. மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டால் இப்போதும் நிமிர்ந்து பார்க்கிறேன். உங்களிடம் திட்டு வாங்கி நாளாயிற்றா, உடம்பே ஒரு மாதிரி இருக்கிறது.

போன வருஷத்து ஊரடங்கு நினைவிருக்கிறதா? பள்ளியை மூடியதும் இவர் ஓட்டிய பள்ளி வேனும் நின்றது, பிள்ளைகளுக்கு அங்கே கிடைத்த மதியச் சாப்பாடும் நின்றது. அரிசி டப்பா காலி. அக்கம்பக்கத்துக்குத் தெரியக் கூடாதென்று வெறும் தண்ணீரை ஊற்றிக் குக்கரை வைத்து விசில் விட்டேன். பெரிய கெட்டிக்காரி என்று நினைப்பு.

மறுநாளே சட்டியோடு இறங்கி வந்தீர்கள். "எனக்கு நாக்கு செத்துப்போச்சுடி, உப்புப் பார்த்துச் சொல்லு" என்றீர்கள். உப்புப் பார்க்க ஒரு கரண்டி போதாதா? நான்கு பேருக்குக் காணும் சோறும் குழம்பும் இருந்தது. நானும் மக்கு மாதிரி தினமும் வழித்துத் தின்றுவிட்டு, "உப்பு கம்மி, காரம் தூக்கல்" என்று குறை சொல்லி அனுப்பினேன். நீங்களும் பொறுப்பாகக் கேட்டுக்கொண்டீர்கள்.

இவருக்குக் காய்கறி வண்டி ஓட்டும் வேலை கிடைத்த பிறகுதான், எப்படித் தெரியும் என்று கேட்டேன். "விசில் வந்துக்கிட்டே இருக்கு, நீ வாசல்ல உட்கார்ந்து துணி மடிக்கிற. சோறா இருந்தா குழைஞ்சிடுமேன்னு ஓடியிருக்க மாட்டியா?" என்று சிரித்தீர்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்தப் பசி திரும்ப வேண்டாம் அக்கா. நீங்கள் படியிறங்கி வரும் சத்தம் மட்டும் வேண்டும்போல் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை நாம் பேசும்போது பின்னால் உங்கள் குக்கர் விசில் அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. நீங்கள் எழுந்து போகவில்லை. இந்த வருஷத்து ஊரடங்கில் மாமாவின் சலூன் மறுபடியும் பூட்டிக் கிடப்பதையும் நீங்கள் சொல்லவில்லை. போனை வாங்கிப் பேசியபோது சின்னவள்தான் சொன்னாள். அவளைத் திட்டாதீர்கள்.

இவர் லோடு ஏற்ற அந்தப் பக்கம் வருகிறார். கடிதத்தோடு அரிசி, பருப்பு, கொஞ்சம் காய் கொடுத்தனுப்பியிருக்கிறேன். திருப்பி அனுப்பிவிடாதீர்கள். அரிசி புதுக் கடையில் வாங்கியது, எப்படி இருக்குமோ தெரியவில்லை. பொங்கிச் சாப்பிட்டுப் பார்த்துச் சொல்லுங்கள். குறை இருந்தால் தாராளமாகத் திட்டுங்கள்.

மூன்றாவது விசிலுக்கு எழுந்து போய் அடுப்பை அணைத்துவிடுங்கள், அக்கா.

உங்கள் சட்டியை இன்னும் திருப்பித் தராத,
கீழ்வீட்டுத் தங்கை