பம்புக்குத் தனி வயர்

ஏய் பெர்ல்,

நான் சொல்லச் சொல்ல இதை எழுதுவது பக்கத்து வீட்டு செல்பி. படகை விற்றால்தான் மகள் வீட்டிலிருந்து திரும்பி வருவாயாம். விற்க மாட்டேன்.

படகு கட்டிப் போட்ட இடத்திலேயே மூழ்கியதற்கு என் வயசு காரணமில்லை. மெயின் சுவிட்சை அணைத்தால், கசியும் தண்ணீரை வெளியே தள்ளும் பம்பும் அணைந்துவிடும்படி வயர் இருந்தது. இப்போது பேட்டரியிலிருந்து பம்புக்கு நேராக வயர் இழுத்து, நடுவில் ஃபியூஸ் போட்டுவிட்டேன். உள்ளே தண்ணீர் ஏறினால் மிதவை எழும்பும், பம்பு தானாக ஓடும். கல்யாண கவுனோடு இதே படகில் தகரக் குவளையால் தண்ணீர் இறைத்தவள் நீ. இப்போது என்ன பயம்?

"கெளம்பி வான்னு ஒரு வரி போடட்டுமா, பெரியவரே?" என்கிறான் செல்பி.

"வயரைப் பத்தி மட்டும் எழுதுடா" என்றேன்.

சனிக்கிழமை பஸ் வரும் நேரத்துக்குப் படகிலேயே துறைக்கு வருவேன். நீ இறங்காவிட்டால் அடுத்த சனிக்கிழமையும் வருவேன்.

இப்படிக்கு,
உன் பிடிவாதக்காரன்