மிஸ் லாடர் வாங்கும் விஸ்கி

அஞ்சலகம், கில்வார்,
லூயிஸ் தீவு.
17 பிப்ரவரி 1954

மதிப்பிற்குரிய லாடர் ஐயா அவர்களுக்கு,

கில்வார் அஞ்சலகத்தையும் கடையையும் பார்த்துக்கொள்ளும் டோலினா மெக்காஸ்கில் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு எல்லோரும் நலம். கடல் கொந்தளிப்பால் கப்பல் இரண்டு நாள் தாமதம். உங்கள் தங்கைக்கு நீங்கள் போட்ட கடிதம் நேற்றுத்தான் வந்தது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

போன மாதம் உங்களுக்கு நான் ஒரு கடிதம் எழுதினேன். மிஸ் லாடர் குடிக்கிறார், வாரம் ஒரு பாட்டில் விஸ்கி என் கடையில்தான் வாங்குகிறார், முகம் சிவந்து தள்ளாடி நடக்கிறார், ஊர் சிரிக்கிறது, வந்து அழைத்துப் போங்கள் என்று. அதில் விஸ்கி வாங்குவதும் ஊர் சிரிப்பதும் மட்டும்தான் உண்மை.

தபால்காரருக்குக் காய்ச்சல் என்பதால் நேற்று நானே கடிதத்தைக் கொண்டுபோனேன். உறையில் அனுப்பியவர் என்று உங்கள் பெயர். நான் எழுதியதற்குப் பலன் வந்துவிட்டது என்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. மிஸ் லாடர் வீட்டில் இல்லை. கடல்முனையில், ஆட்டுப்பட்டிச் சுவரின் மறைவில், அந்த உறைபனியில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தார். பக்கத்தில் என் கடை பாட்டில். சத்தம் போடாமல் நின்று பார்த்தேன். பாட்டிலைத் திறந்து, தூரிகை நனைக்கும் தகர டப்பாவில் கொஞ்சம் ஊற்றினார். மூடி வைத்துவிட்டார்.

என்ன இது என்று கேட்டேன். “வெறும் தண்ணின்னா தூரிகை நுனியிலயே உறைஞ்சு போகுது டோலினா. இதைக் கலந்தா உறையாது” என்றார். குடிப்பதே இல்லையா என்றதற்கு, “இந்த நாத்தத்தையா? நல்லதா ஏதாவது வித்தீங்கன்னா யோசிக்கலாம்” என்றார். பதினொரு வருடத்தில் என்னிடம் அவர் பேசிய முதல் வேடிக்கைப் பேச்சு. சாக்குக்கட்டி மாதிரி நீங்கள் வைத்திருக்கும் பாஸ்டல் வண்ணக்கட்டிகள் உறையாதே, அதிலேயே வரையலாமே என்றேன். “மண்ணுக்கு அது போதும். கடலுக்குத் தண்ணிதான் வேணும்” என்றார்.

தள்ளாட்டமும் அப்படித்தான் ஐயா. பாஸ்டல் படத்தில் வண்ணம் பொடியாகத்தான் நிற்குமாம், பலத்த காற்று பட்டால் போய்விடுமாம். அதனால் பலகையை நெஞ்சோடு மட்டமாகப் பிடித்துக்கொண்டு, எதிர்காற்றுக்கு முதுகைக் காட்டி, மேட்டில் பின்பக்கமாகவே நடந்து வீடு போய்ச் சேருவார். “வீட்டைப் பார்க்க வெட்கமா இருக்கு போல, முதுகைக் காட்டிக்கிட்டே போறா பாரு” என்பான் பக்கத்து வீட்டு மர்டோ. கடையே சிரிக்கும். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். கன்னச் சிவப்பும் கைபட்ட வண்ணப்பொடிதான்.

அதற்குப் பிறகு உங்கள் கடிதத்தைக் கொடுத்தேன். கொடுக்காமல் திரும்பியிருக்கலாம், ஆனால் தபால் விஷயத்தில் அப்படிச் செய்யக்கூடாது. 27ஆம் தேதிக் கப்பலில் நர்ஸோடு நீங்கள் வருவதையும், எடின்பரோவில் ஒரு காப்பகத்தில் இடம் பிடித்திருப்பதையும், இங்குள்ள வீட்டைப் பூட்டப்போவதையும் அவரே படித்துச் சொன்னார். என் பெயரை நீங்கள் அதில் எழுதவில்லை. அவர் அழவில்லை. வெளிச்சம் நன்றாகத்தான் இருந்தது, ஆனாலும் டப்பாத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சாமான்களை எடுத்து வைக்க ஆரம்பித்தார். “யாரோ என்னைப் பத்தி எழுதியிருக்காங்க. யாருன்னு விசாரிச்சுச் சொல்றீங்களா? இந்த ஊர்ல எனக்கு உங்களைத்தான் தெரியும்” என்றார். விசாரிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

குடிகாரி என்று எழுதியதும் நம்பினீர்களே, இல்லை என்று எழுதுவதையும் நம்புங்கள். வீட்டைப் பூட்ட வேண்டாம். தங்கையைப் பார்க்கத் தோன்றினால் தனியாக வாருங்கள்.

இதைத் தபால் பையில் சேர்த்ததும் முனைக்குப் போகிறேன். எழுதியது நான்தான் என்று சொல்லப்போகிறேன். அப்புறம் அவர் என் கடைப் படி ஏறமாட்டார். ஏழு மைல் நடந்து வேறு கடைக்குப் போகட்டும். சாகும்வரை என் முகத்தில் விழிக்காமல் இருக்கட்டும். இங்கேயே இருந்து விழிக்காமல் இருக்கட்டும், ஐயா.

கர்த்தர் உங்கள் மனதை இளக்கட்டும்.

தவறை உணர்ந்து,
டோலினா மெக்காஸ்கில்